பரம்பரை நோயும் கருமுளைப் பரிசோதனையும்: உப்பளக் கரைக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

உழைப்பால் வரும் நோயும் பிறப்பால் வரும் நோயும்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரையில் கோடை முழுவதும் உப்பு வாரும் தொழிலாளர்க்குக் கண்கூச்சம், பாதப்புண், நீரிழப்பு ஆகியவை வெயிலாலும் உப்புநீராலும் ஏற்படுகின்றன. நிழலும், காலுக்குப் பாதுகாப்பும், போதிய குடிநீரும் கிடைத்தால் அவை பெருமளவு குறையும். ஆனால், பெற்றோரின் மரபணுக்கள் வழியே குழந்தையை வந்தடையும் தலசீமியா, ஹீமோபிலியா, முதுகுத்தண்டுவடத் தசைநலிவு போன்ற நோய்களுக்கு அளத்து வெயிலோ, கர்ப்ப காலத்தில் தாய் சுமந்த சுமையோ காரணமாவதில்லை. ஆகவே, இத்தகைய குழந்தையைப் பெற்ற தாயின்மீது பழி சுமத்துவது அறிவியலுக்கும் அறத்துக்கும் ஒவ்வாதது.

நோய் கடத்தப்படும் முறை

மரபணு என்பது உடலின் ஒவ்வொரு பணிக்குமான குறிப்பைத் தாங்கிய வேதிப்பொருள். அதில் ஒரு படி தாயிடமிருந்தும் மற்றொரு படி தந்தையிடமிருந்தும் வருகிறது. தலசீமியாவில், இரத்தச் சிவப்பணுக்களில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவில் பிழை உள்ளது. ஒரு படியில் மட்டும் பிழை உடையவர் நலமாகவே வாழ்வார். அவர் 'நோய்க்கடத்தி' எனப்படுவார். கணவனும் மனைவியும் கடத்திகளாக இருப்பின், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தை கடும் நோயுடன் பிறக்க 25 விழுக்காடும், கடத்தியாகப் பிறக்க 50 விழுக்காடும், பிழையே இன்றிப் பிறக்க 25 விழுக்காடும் வாய்ப்பு உண்டு. முதற்குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. கடும் தலசீமியா உடைய குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருப்பதோடு, அதனால் உடலில் சேரும் இரும்புச்சத்தை வெளியேற்றும் மருந்தும் தொடர்ந்து தேவைப்படும்.

சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்னும் எண்ணத்தில் தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் தமிழகத்தில் இன்னும் பரவலாக உள்ளது. தாய்மாமனும் மருமகளும் தம் மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையும், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாகப் பெற்றிருப்பதால், ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அவர்களிடையே கூடுகிறது.

முதற்படி: எளிய இரத்தப் பரிசோதனை

இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை பெறும் பெண்களுள் சிலருக்கு மாதக்கணக்கில் உண்டும் பயன் தெரிவதில்லை. அவர்களுள் தலசீமியாக் கடத்திகளும் இருக்கக்கூடும். சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடச் சிறியனவாக இருந்து, ஹீமோகுளோபினின் ஏ2 வகை 3.5 விழுக்காட்டுக்கு மேல் காணப்பட்டால், அவர் பீட்டா தலசீமியாவின் கடத்தி எனக் கருதப்படுவார். உடனே கணவரின் இரத்தமும் சோதிக்கப்பட வேண்டும். சைப்ரஸ் தீவு 1970களில் தொடங்கிய கடத்தி கண்டறியும் திட்டத்தால் புதிய தலசீமியாப் பிறப்புகளை ஏறக்குறைய இல்லாமலாக்கியது.

கருமுளைப் பரிசோதனை நடைபெறும் விதம்

கருமுளை என்பது கருவுற்ற முட்டை பகுபட்டு வளரும் தொடக்க நிலை. இதை ஆராயும் முறையில் முதல் வெற்றி 1990இல் லண்டனில் கிடைத்தது. பெண்ணுக்குச் சுமார் பத்து நாட்கள் ஊக்குநீர் ஊசி செலுத்தி, முதிர்ந்த கருமுட்டைகளை வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒற்றை விந்தணுவை நுண்ணூசியால் செலுத்துவர். பிற விந்தணுக்களின் மரபணு கலந்து முடிவு பிழையாகாதிருக்கவே இவ்வாறு செய்கின்றனர். ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில், பின்னர் நஞ்சுக்கொடியாக வளரவிருக்கும் புறப்பகுதியிலிருந்து சில செல்களை மட்டும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, கருமுளையை உறைநிலையில் காப்பர். கடும் நோய் இல்லாததென அறியப்பட்ட கருமுளையே கருப்பையில் வைக்கப்படும். கடத்தி மட்டுமே ஆன கருமுளையும் நலமான குழந்தையாக வளரும் என்பதால் அதை ஒதுக்க வேண்டியதில்லை.

அகமதாபாத்தில் இம்முறை இன்னொரு பயனையும் தந்தது: தலசீமியா இல்லாததும், நோயுற்ற அண்ணனுடன் திசுப் பொருத்தம் உடையதுமான கருமுளை தேர்ந்தெடுக்கப்பட்டு 2018இல் பிறந்த தங்கையின் எலும்பு மஜ்ஜை, 2020இல் அண்ணனுக்குச் செலுத்தப்பட்டது.

எல்லைகளும் மாற்று வழியும்

செலவு பல லட்சம் ரூபாயைத் தொடும். நலமான கருமுளை கிடைத்தாலும் கர்ப்பம் தங்கும் என்ற உறுதியில்லை. மிகச் சில செல்களே ஆராயப்படுவதால் முடிவு தவறுவதும் அரிதாக நேரும். எனவே, கர்ப்பம் தங்கிய பின்னும் உறுதிப்படுத்தும் சோதனையை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். இயல்பாகக் கருவுற்று, 11ஆம் வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடித் திசுவையோ, 16ஆம் வாரமளவில் பனிக்குட நீரையோ சோதிப்பது செலவு குறைந்த வழி; ஆனால் நோய் உறுதியானால் கர்ப்பத்தைத் தொடர்வதா என்ற கடினமான முடிவைப் பெற்றோர் எதிர்கொள்ள நேரும். எவ்வழியைத் தேர்வது என்பது அத்தம்பதியரின் உரிமை. நோயுடன் பிறந்த குழந்தைக்குரிய அன்பும் சிகிச்சையும் அதனால் ஒருபோதும் குறையலாகாது.

சட்டத்தின் வரம்பு

2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், மரபுவழி நோய்களைக் கண்டறிவதற்கு மட்டுமே இப்பரிசோதனையை அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா எனத் தெரிந்தெடுக்க இதைப் பயன்படுத்துவது 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

அடித்தளம்: துல்லியமான நோயறிதல்

எந்தப் பிழையைத் தேடுவதென்று தெரியாமல் கருமுளையைச் சோதிக்க இயலாது. நோயுற்ற குழந்தையின் மரபணுப் பிழை எழுத்தில் பதிவாகாமலே அக்குழந்தை இறந்துவிடும்போது, அடுத்த குழந்தையைக் காக்கும் வழியும் கடினமாகிறது. ஆகவே காரணம் புரியாத இரத்தசோகை, நிற்காத இரத்தக்கசிவு, தசைத்தளர்ச்சி ஆகியவை குழந்தையிடம் தென்பட்டால், சிகிச்சையோடு மரபணு அறிக்கையையும் கேட்டுப்பெற்றுப் பாதுகாக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் அளத்து வேலை ஓயும் மாதங்களில், புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய அரசு மருத்துவமனைக்குத் தம்பதியர் இருவரும் சேர்ந்து சென்று, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை குறித்துக் கேட்பது நலம். லட்சங்கள் செலவாகும் கருமுளைப் பரிசோதனை எல்லோருக்கும் எட்டாதிருக்கலாம். ஆனால் அது தேவையா, இல்லையா என்று சொல்லும் முதல் இரத்தப் பரிசோதனையும் ஆலோசனையும் ஒவ்வோர் உப்பளக் குடும்பத்துக்கும் எட்ட வேண்டும்.