வீட்டுக்கு வரும் நோயாளி – 9: பைபாஸுக்கு முந்தைய வாரம்

பைபாஸ் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இரண்டு காரியங்கள் வேகமாக நடக்கின்றன. ஒன்று, பணம் புரட்டுவது. இன்னொன்று, எந்த டாக்டர் கைராசிக்காரர் என்று நாலு பேரிடம் விசாரிப்பது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: அறுவை அரங்கில் நான்கைந்து மணி நேரம், மருத்துவமனையில் ஏறக்குறைய ஒரு வாரம், அதன்பிறகு இரண்டு மூன்று மாதம் நம் வீட்டில். அந்த மாதங்களுக்குத்தான் யாரும் திட்டம் போடுவதில்லை.

இந்தியாவின் முதல் பைபாஸை 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். இன்று தெருவுக்கு ஒருவராவது நெஞ்சில் அந்தத் தழும்போடு இருக்கிறார். அதனாலேயே ஓர் அலட்சியமும் வந்துவிட்டது. “எங்க மச்சான் பத்தாம் நாளே எழுந்து நடந்துட்டார்” என்று யாராவது சொல்வார்கள். நடந்திருப்பார். நடக்கத்தான் வேண்டும். ஆனால் அப்போது அவருடைய நெஞ்செலும்பு கூடியிருக்காது.

வழக்கமான பைபாஸில் நெஞ்செலும்பை நீளவாக்கில் பிளந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அது ஓரளவு கூட 6 முதல் 8 வாரம் ஆகும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் தாமதமாகலாம். அதுவரை கையை ஊன்றி எழுவது, இழுப்பது, தள்ளுவது, நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்குவது எதுவும் கூடாது. படிக்கச் சுலபம். நம் வீட்டில் எங்கெல்லாம் கையை ஊன்றுகிறோம் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பாயிலிருந்து எழும்போது, இந்தியன் டாய்லெட்டில், தாழ்ந்த சோபாவில். குடம் தூக்குவது, இரும்பு கேட்டைத் தள்ளுவது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது, ஓடிவரும் பேரப்பிள்ளையை வாரி எடுப்பது என்று பட்டியல் நீளும். ஆகவே முந்தைய வாரமே கட்டில் வந்துவிட வேண்டும். உட்கார்ந்தால் கால் தரையில் பதிகிற உயரம். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில் கமோடு நாற்காலி ஒன்று. தினமும் கைக்கு வேண்டிய பொருள்கள் இடுப்பு உயரத்தில். மாடி வீட்டுக்காரர்கள் அவரைக் கீழ் அறைக்கு மாற்றிவிட்டால், படியேறி இறங்கும் உங்கள் முழங்காலும் தப்பிக்கும்.

எழுப்பிவிடுவதில்தான் நம் பாசம் வினையாகிறது. அப்பா எழப் பார்க்கிறார் என்றால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கிறோம், அல்லது அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறோம். அந்த இழுப்பு நேரே போய்ச் சேர்வது நெஞ்செலும்பில். ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முதுகுக்குப் பின்னால் நீங்கள் தாங்க அவர் உட்கார வேண்டும். பிறகு கைகளை நெஞ்சோடு அணைத்து, காலின் பலத்தில் நிற்க வேண்டும். வலி இல்லாத இப்போதே தினம் நாலு முறை பழக்குங்கள். இருமும்போது நெஞ்சோடு அணைக்க ஒரு சிறு தலையணையையும் எடுத்து வையுங்கள்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி தருவார்கள். பலரும் அதை ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு. குழாயை வாயில் வைத்து மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தால் பந்து ஏற வேண்டும். சிகரெட் பிடிப்பவர் தேதி குறித்த அன்றே நிறுத்திவிட வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள். க்ளோபிடோக்ரெல் பொதுவாக 5 நாள் முன்பும், டாபாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகள் 3 நாள் முன்பும் நிறுத்தப்படும். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். அண்மையில் ஸ்டென்ட் வைத்தவருக்குக் கணக்கு வேறு. வீட்டிலுள்ள அத்தனை அட்டைகளையும், லேகியம், சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய்க் காட்டுங்கள். திரும்பி வந்ததும் பழைய அட்டைகளைத் தனியே ஒதுக்குங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும். இரண்டையும் விழுங்கியவர்கள் உண்டு.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்வதானால் முன்அனுமதி வாங்க நாள் பிடிக்கும். ரத்தம் கொடுப்பவர்களையும் முன்னமே சொல்லி வையுங்கள்.

மனம் பற்றி வார்டில் அதிகம் சொல்வதில்லை. ஐசியுவில் பெரியவர் சம்பந்தமில்லாமல் பேசலாம், இல்லாத ஆளைப் பார்க்கலாம். நர்ஸிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். வீட்டுக்கு வந்தபின் சின்ன விஷயத்துக்கு அழுவதும் எரிந்து விழுவதும் பலருக்கு உண்டு. வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது, பிடிவாதம் என்று ஒதுக்குவதல்ல. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வரும் உறவினர் கூட்டத்தை முதல் இரண்டு வாரம் போனிலேயே நிறுத்த, வீட்டில் கொஞ்சம் கடுமையான ஒருவரை நியமியுங்கள். எங்கள் வீட்டில் அது சித்தி.

பெரும்பாலும் பார்த்துக்கொள்ளப் போவது மனைவிதான். அவருக்கும் அறுபது தாண்டியிருக்கும், பிரஷர் மாத்திரை இருக்கும். இரவு முறையை மகனோ மகளோ எடுப்பதாக இப்போதே எழுதி வைக்காவிட்டால், அது அவர் தலையில்தான் விழும். “நான் பாத்துக்கறேன்” என்று அவர் சொல்வார், நம்பாதீர்கள்.

எடை பார்க்கும் கருவியும் தெர்மாமீட்டரும் வாங்குங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலும், காயத்தில் நீர் கசிந்தாலும், நெஞ்செலும்பு ‘கடக்’கென்று அசைந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் பேசுங்கள். மூச்சுத் திணறல், புதிய நெஞ்சு வலி, வாய் கோணுவது என்றால் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த வாரம்: முதல் பதினைந்து நாள் சமையல்.