திருச்சுழி வீடும் இரண்டு கையெழுத்தும்

திருச்சுழியில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. ஐந்து சென்ட் மனை, கீழே இரண்டு அறை, மாடியில் ஒரு அறை, வாசலில் ஒரு வேப்பமரம். 'எங்களுக்கு' என்று எழுதும்போதே கை தயங்குது. 2023 டிசம்பரில் எனக்கும் அவருக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. ஆனால் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் இன்றைக்கும் இரண்டு பேர் பெயரும் ஒரே வரியில்தான் இருக்கிறது.

இரண்டு வருஷமாக இந்த வீட்டை விற்கப் பார்க்கிறோம், முடியவில்லை. அதற்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதையும், ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் படித்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் வக்கீல் இல்லை, பள்ளிக்கூட ஆசிரியை. பழைய கண்மாய் ஆவணங்களைப் படிக்கும் ஆர்வத்தில் பத்திர மொழி கொஞ்சம் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

தீர்ப்பில் வீடு இல்லை

நாங்கள் பிரிந்தது சண்டை போட்டு அல்ல. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்கீழ் இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்த மனு. நகை, பாத்திரம், ஜீவனாம்சம் எல்லாம் பேசி எழுதினோம். வீடு பற்றி ஒரு வரி இல்லை. "அதை அப்புறம் பேசிக்கலாம், இப்ப இதை இழுக்க வேண்டாம்" என்று அவரும் சொன்னார், நானும் தலையாட்டினேன். எங்கள் இரண்டு பேருக்கும் மனசில் ஒரு நினைப்பு: தீர்ப்பு வந்துவிட்டால் மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து முடிந்துவிடும் என்று.

முடியாது. நம் நாட்டுச் சட்டத்தில் திருமணம் ஒரு பாதை, சொத்து வேறு பாதை. கல்யாணம் ஆனதாலேயே கணவன் சொத்தில் மனைவிக்கோ மனைவி சொத்தில் கணவனுக்கோ பங்கு வருவதில்லை. விவாகரத்து ஆனதாலேயே இருக்கிற பங்கு போவதும் இல்லை. இந்து திருமணச் சட்டத்தின் 27-வது பிரிவு சொத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அது கல்யாணத்தின்போதோ அதை ஒட்டியோ அன்பளிப்பாக வந்து, இருவருக்கும் பொதுவாக இருக்கும் பொருள்களைப் பற்றியது. 2011-ல் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய மனை அதற்குள் வராது.

அப்படியானால் எங்கள் வீட்டுக்கு எந்தச் சட்டம்? 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 45-வது பிரிவு சொல்வது இது: இரண்டு பேர் சேர்ந்து விலைக்கு வாங்கினால், யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதத்தில் பங்கு, போட்டதற்குச் சான்று இல்லையென்றால் சமபங்கு. அதாவது தீர்ப்பு வந்த மறுநாள் நாங்கள் சட்டத்தின் கண்ணில் ஒரு மனையைச் சேர்ந்து வாங்கிய இரண்டு கூட்டாளிகள். அவ்வளவுதான்.

இது எல்லா ஊரிலும் இப்படி இல்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் 'தேடியதேட்டம்' என்று ஒரு சொல் உண்டு. மணவாழ்க்கைக் காலத்தில் தேடிய சொத்து என்று பொருள். 1706-07-ல் டச்சுக்காரர்கள் அந்த வழமையைத் தொகுத்து எழுதியபோது, அது கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான சொத்தாகவே இருந்தது. 1911-லும் 1947-லும் வந்த சட்டங்கள் அதை மாற்றி அமைத்தன. அந்தச் சொல்லாவது அங்கே இருக்கிறது. இங்கே சொல்லும் இல்லை. விவாகரத்தின்போது மனைவிக்குக் கணவன் சொத்தில் பங்கு கொடுக்கும் திருத்த மசோதா ஒன்று 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமல் 2014-ல் காலாவதியாகிப் போனது.

நீதிமன்றங்கள் அங்கங்கே வழி திறக்கின்றன. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட ஒரு வழக்கில், 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டு வேலையும் சொத்து சேர்ப்பதில் ஒரு பங்களிப்பே என்று சொல்லி மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றார். அதைப் படித்தபோது என் மனசு நிறைந்தது. ஆனால் என் பிரச்சினை பங்கு உண்டா இல்லையா என்பது அல்ல. பாதி என்னுடையது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தப் பாதியை எப்படிக் காசாக்குவது என்பதுதான் கேள்வி.

வாங்க வந்தவர்கள் கேட்டது

முதலில் வந்தவர் மிளகாய் வத்தல் வியாபாரி. வீடு பிடித்திருந்தது. தாய்ப் பத்திரத்தின் நகலைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்து கையெழுத்துப் போடுவீங்களாம்மா?" போடுவோம் என்றேன். "இன்னைக்குப் போடுறேம்பாக. அட்வான்ஸ் குடுத்த பெறகு ஒருத்தர் வரலைன்னா நான் எங்க போவேன்?" என்று எழுந்துவிட்டார். அவர் பயம் நியாயமானது. இருவரில் ஒருவர் வழக்குப் போட்டுவிட்டால், வழக்கு நடக்கும்போது வாங்கியவர் வரப்போகும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் ஆகிவிடுவார். அதே 1882 சட்டத்தின் 52-வது பிரிவு அது.

இரண்டாவதாக வந்தவர்கள் ஒரு குடும்பம். வீட்டுக்குள் போனதும் அடுப்படியில் அத்தை இருப்பதைப் பார்த்தார்கள். அவருடைய அம்மா. அவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், நான் மதுரையில் இருக்கிறேன், அந்த வீட்டில் உண்மையில் வாழ்வது அத்தை மட்டும்தான். பத்திரத்தில் அவருக்கு ஒரு பங்கும் கிடையாது. ஆனால் குடியிருப்பவர் ஒருவர் இருந்தால், சுவாதீனம் எப்போது கிடைக்கும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. "பெரியம்மா எங்க போவாக?" என்று அந்தப் பெண் என்னிடம் மெதுவாகக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்கள் திரும்ப வரவில்லை.

மூன்றாவது ஆள் விவரமானவர். பிரிந்தவர்கள் வீடு, அவசரம் இருக்கும் என்று கணக்குப் போட்டு, நாங்கள் சொன்ன விலையில் முக்கால்வாசிக்குக் கேட்டார். மதுரை மாதிரி பத்துப் பேர் வரிசையில் நிற்கிற இடம் இல்லை இது. மானாவாரி ஊர். மழை பெய்து, மல்லியும் மிளகாயும் பருத்தியும் கைகொடுத்த வருஷத்தில்தான் வீடு மனை என்று கேட்டு வருவார்கள். அதற்காகக் காத்திருக்கிற தெம்பு வேண்டும்.

எனக்கு அந்தத் தெம்பு இல்லாததற்குக் காரணம் கடன். 2013-ல் கட்டும்போது என் சம்பளச் சீட்டைக் காட்டித்தான் வங்கிக் கடன் கிடைத்தது. இரண்டு பேரும் கூட்டுக் கடன்தாரர்கள். விவாகரத்து எங்களுக்குள்தான்; வங்கிக்கும் எங்களுக்கும் ஒன்றும் மாறவில்லை. அவர் தவணை கட்டத் தவறினால் வங்கி என்னைத்தான் கேட்கும். இந்தக் கடன் என் பெயரில் இருப்பதால் மதுரையில் எனக்கென்று சின்னதாக ஒரு வீடு வாங்கக் கேட்ட கடனும் வரவில்லை. அசல் பத்திரம் வங்கியில். கடனை அடைத்து, அடைத்ததற்கான ரசீதைப் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்று சுத்தமாகும். விற்றால்தான் கடன் அடையும். கடன் அடைந்தால்தான் விற்க முடியும். பல பேர் இந்த முடிச்சில்தான் நிற்கிறார்கள்.

நீதிமன்றம் போனால்

"உன் பாதியை மட்டும் வேற யாருக்காவது வித்துடு" என்று சிலர் யோசனை சொன்னார்கள். சட்டப்படி விற்கலாம். யார் வாங்குவார்கள்? பிரிக்காத பாதியை வாங்கியவர் அடுத்து பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டியிருக்கும். பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீடு என்றால் அவர் உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்கும் உரிமையும் இல்லை என்கிறது 44-வது பிரிவு. ஆகவே அடிமாட்டு விலைக்குத்தான் போகும்.

சரியான வழி பாகப்பிரிவினை வழக்கு. கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து வழக்கைக் குடும்ப நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று 1984-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. விவாகரத்து ஆகிவிட்டவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை. பிறகு எப்படிப் பிரிப்பது என்று இறுதித் தீர்ப்பாணை. இடையில் வழக்கறிஞர் ஆணையர் வந்து அளந்து பார்த்து அறிக்கை தருவார்.

ஐந்து சென்ட் வீட்டை எப்படிப் பிரிப்பது? நடுக்கூடத்தில் சுவர் வைக்கவா முடியும்? இதற்குத்தான் 1893-லேயே பாகப்பிரிவினைச் சட்டம் என்று ஒரு சிறிய சட்டம் வந்திருக்கிறது. சொத்தை நியாயமாகத் துண்டு போட முடியாது என்றால், பாதியோ அதற்கு மேலோ பங்கு உள்ளவர் கேட்டுக்கொண்டால், விற்றுப் பணமாகப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். இது 2-வது பிரிவு. என்னிடம் இருப்பது சரியாகப் பாதி, ஆகவே நான் கேட்கலாம்.

3-வது பிரிவுதான் முக்கியம். ஒருவர் 'விற்றுக் கொடுங்கள்' என்று கேட்டவுடன், அவருடைய பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை மற்றவருக்கு வருகிறது. மற்றவர் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டால், கேட்டவர் பயந்துபோய் வழக்கைத் திரும்பப் பெற்று அந்த உரிமையைப் பறிக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு வழக்கில் 1972-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆகவே வீட்டைத் தான் வைத்துக்கொள்ள நினைக்கிறவர் இந்தக் கோரிக்கையை யோசிக்காமல் வைக்கக் கூடாது.

இதைப் படித்த ராத்திரிதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டை வெளியாள் ஒருவர் வாங்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தோம். வழக்குப் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஊருக்கும் வருஷக்கணக்கில் அலைந்து கடைசியில் சட்டம் கொண்டுவந்து நிறுத்துகிற இடம், 'நீ வாங்கிக்கொள்கிறாயா?' என்று மற்றவரைக் கேட்பது. அதை இன்றைக்கே ஒரு மதிப்பீட்டாளரை வைத்து நாங்களே கேட்டுக்கொள்ளலாமே.

தாமதத்தின் விலை

கேட்டேன். அவர் ஒத்துக்கொண்டார். பிறகுதான் பத்திரச் செலவு என்ன என்று பார்த்தோம்.

தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குச் சலுகை உண்டு. 2023 ஜூலை முதல் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. அந்தக் 'குடும்பம்' பட்டியலில் கணவன் உண்டு, மனைவி உண்டு. முன்னாள் கணவன், முன்னாள் மனைவி கிடையாது.

என் பாதியின் மதிப்பு 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்புக்கு முந்தின நாள் விடுதலை எழுதியிருந்தால் 12,000-மும் 10,000-மும் சேர்த்து 22,000 ரூபாய். இன்றைக்கு நான் அவருக்குக் கிரயம் எழுதிக்கொடுத்தால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,08,000 ரூபாய். "அப்புறம் பேசிக்கலாம்" என்ற ஒரு வார்த்தைக்கு நாங்கள் கொடுக்கிற விலை 86,000.

போன மாதம் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினோம். கடனை அவரும் அவர் தம்பியும் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ள மனு போட்டிருக்கிறார்கள். என் பெயரைக் கடனிலிருந்து எடுத்ததற்கு எழுத்துமூலம் வந்த பிறகுதான் கிரயத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை. கிளம்பும்போது அத்தை வாசல் வரை வந்தார். "கையெழுத்துப் போட வர்றப்ப சாப்புட்டுட்டுத்தான் போகணும் தாயி" என்றார். சரி அத்தை என்றேன்.

இப்போது மனுப் போடும் யோசனையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

ஒன்று, வீட்டைப் பற்றிய முடிவு பரஸ்பர மனுவிலேயே இருக்கட்டும்: யாருக்கு, என்ன விலைக்கு, எந்தத் தேதிக்குள், அதுவரை தவணை யார் கட்டுவது, உள்ளே யார் இருப்பது.

இரண்டு, மனுவில் எழுதியதோடு விடாமல், கணவன் மனைவியாக இருக்கும்போதே விடுதலைப் பத்திரத்தைப் பதிந்துவிடுங்கள்.

மூன்று, வங்கி சம்மதிக்காமல் கடன் யார் தலையிலிருந்தும் இறங்காது. பத்திரத்துக்கு முன் வங்கிக் கடிதம்.

நான்கு, மனைக்கும் கட்டடத்துக்கும் நீங்கள் கொடுத்த பணத்தின் சான்றுகளை எடுத்து வையுங்கள். என் பழைய பாஸ்புக் அந்த வீட்டுப் பரணில் கிடக்கிறது. அடுத்த முறை போகும்போது எடுக்க வேண்டும்.