கோடைக்காலப் பயிற்சி: பெயரை மட்டும் பார்த்துச் சேரலாமா?

ஏப்ரல் பிறந்ததும் எங்கள் கிளைகளுக்குக் கல்லூரி மாணவர்கள் அதிகம் வரத் தொடங்குகிறார்கள். கோடை விடுமுறையில் உள்ளகப் பயிற்சி (மாணவர் வழக்கில் ‘இன்டர்ன்ஷிப்’) கிடைத்திருப்பதாகவும், ஊக்கத்தொகை வந்து சேரக் கணக்கு வேண்டுமென்றும் சொல்வார்கள். எந்த நிறுவனம் என்று கேட்டால் உடனே விடை வரும். அங்கே என்ன பணி என்று கேட்டால்தான் தயக்கம். இரண்டு மாதம் கழித்து, ஒரு சான்றிதழைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று வருந்துவோரில் பலர் அப்படித் தயங்கியவர்களே.

நல்ல வாய்ப்புகளைத் தேடக் கோடை வரை காத்திருத்தல் கூடாது. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் மற்ற இரு தேசிய அறிவியல் கழகங்களுடன் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நல்கைத் திட்டத்துக்கு முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பொருளியல், வணிகவியல், மேலாண்மை போன்ற துறைகளின் முதுநிலை மாணவர்களும் சட்ட மாணவர்களும் நாடும் ரிசர்வ் வங்கியின் கோடைப் பயிற்சிக்கும் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பருக்குள் விண்ணப்பித்தாக வேண்டும்; பயிற்சி தொடங்குவதோ ஏப்ரலில். அறிவியல் கழகங்களின் விண்ணப்பத்தில், என்ன செய்ய விரும்புகிறோம் என்று ஒரு சிறு குறிப்பு எழுதித் தர வேண்டும். எந்தப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாலும், யாரும் கேளாவிட்டாலும், அத்தகைய குறிப்பொன்றை உங்களுக்காகவே எழுதிப் பாருங்கள். ஒரு பத்தி எழுத வரவில்லையெனில், தேட வேண்டியது எதுவென்றே இன்னும் தெளியவில்லை என்று பொருள்.

2024 அக்டோபரில் முன்னோடியாகத் தொடங்கப்பட்ட பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டத்தைப் பற்றியும் மாணவர்கள் கேட்கிறார்கள். அது 12 மாதப் பயிற்சியாக, மாதம் ₹5,000 உதவித்தொகையுடன், முழுநேரப் படிப்பில் இல்லாத இளைஞருக்கென வகுக்கப்பட்டது. இரண்டு மாத விடுமுறைக்கு ஏற்றதன்று. விண்ணப்பிக்குமுன் நடப்பு விதிகளை அதன் இணையதளத்தில் பார்த்துக்கொள்க.

பெரிய நிறுவனத்தில் இடம் கிடைக்கவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. தெருமுனையிலுள்ள தணிக்கையாளர் அலுவலகத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மளிகைக் கடையின் ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் மாணவியின் கையில் கொடுத்து, ‘இரண்டிலும் இருப்பு ஏன் வேறுபடுகிறது என்று கண்டுபிடி’ என்கிறார் தணிக்கையாளர். பணமாகாமல் நிற்கும் காசோலை, ஏட்டில் ஏறாத வங்கிக் கட்டணம், இரண்டு முறை பதிவான ஒரு வரவு என ஒவ்வொன்றாக அவள் தேடிப் பிடிக்கிறாள். பாடநூலில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று படித்தது அன்றுதான் அவளுக்கு விளங்குகிறது. பெரிய நிறுவனமொன்றின் குளிரூட்டிய அறையில் இரண்டு மாதம் விளக்கப்படங்களுக்கு வண்ணம் மாற்றிக்கொண்டிருப்பவருக்கு இது வாய்ப்பதில்லை. பிழையைச் சுட்டிக்காட்ட ஒருவர் அருகில் இருக்க வேண்டும். முடிவில் நம் கையால் முடித்த வேலை ஒன்று இருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் இடத்தின் அளவு பெரிதன்று என்பது எங்கள் கருத்து.

ஆகவே, சேருமுன் கேட்டறியுங்கள். யார் வழிகாட்டுவார்? இரண்டு மாத முடிவில் எதை முடித்திருப்பேன்? சென்ற ஆண்டு பயின்றவரிடம் பேசலாமா? இக்கேள்விகளை மரியாதைக் குறைவாக எந்த நல்ல நிறுவனமும் கருதாது. ஒரே கடிதத்தை ஐம்பது இடங்களுக்கு அனுப்புவதைவிட, ஐந்து இடங்களின் பணியைப் படித்தறிந்து ஐந்து கடிதங்கள் எழுதுவது பயன் தரும்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். நிதி ஆயோக் போன்ற சில இடங்களில் ஊக்கத்தொகை கிடையாது. வெளியூர் என்றால் ரயில் கட்டணம், அறை வாடகை, உணவுச் செலவு ஆகியவற்றைப் பெற்றோருடன் அமர்ந்து எழுதிப் பார்த்தபின் ஒப்புக்கொள்ளுங்கள்.

இனி, வங்கி என்ற முறையில் எங்களைக் கவலைகொள்ளச் செய்யும் செய்தி. பயிற்சிக்குப் பதிவுக் கட்டணமோ முன்வைப்புத் தொகையோ கேட்டால் விலகிவிடுங்கள். அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. ‘வீட்டிலிருந்தே பயிற்சி, உங்கள் கணக்கில் பணம் வரும், அதை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் கழிவு தருகிறோம்’ என்பார்கள். வருவது பெரும்பாலும் மோசடியில் பறிக்கப்பட்ட பணம். பறிகொடுத்தவர் புகார் செய்ததும், காவல்துறை முதலில் வந்து நிற்பது உங்கள் கணக்கில்தான். கணக்கு முடக்கப்படும், விசாரணைக்குச் செல்ல நேரும், அறியாமல் செய்தேன் என்பது எளிதில் எடுபடாது. கணக்கையோ, ஏடிஎம் அட்டையையோ, கணக்குடன் இணைத்த சிம் அட்டையையோ யாருக்கும் தராதீர்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். உடனே உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள்.

முறையாக வரும் ஊக்கத்தொகையிலும் சில நிறுவனங்கள் வரி பிடித்துக் கொடுப்பதுண்டு. உங்கள் ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து அத்தொகையைத் திரும்பப் பெறலாம். பயிற்சிச் சான்றிதழை வாங்கும்போதே, வரிப் பிடித்தச் சான்றையும் மறவாமல் கேட்டு வாங்குங்கள்.