சூளூர்பேட்டையில் சற்றே நில்லுங்கள்

சென்னையிலிருந்து கல்கத்தாவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கடந்ததும் எதிர்ப்படும் சூளூர்பேட்டையை, நெல்லூர் சேரும் அவசரத்தில் நில்லாது தாண்டிப் போவோர் இழப்பது அற்பமானதன்று. காளங்கி நதிக்கரையில், இரவும் பகலும் நடை சாத்தப்படாத சந்நிதியில் எழுந்தருளியிருக்கிறாள் செங்காளம்மன். அங்கிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் திரும்பும் சாலையோ, பழவேற்காடு ஏரியை ஊடறுத்து, இருபுறமும் நீர்ப்பரப்பு விரிய நீண்டு செல்கிறது. மார்கழி, தை மாதங்களில், ஆழமற்ற அந்நீரில் செந்நிறச் சிறகுடைய பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நின்று இரை தேடும் அபூர்வக் காட்சியை, வண்டியை ஓரமாக நிறுத்தி, ஓசையின்றி, அரைமணி நேரமேனும் கண்டு இன்புறல் வேண்டும். வடக்கே சிறிது தூரத்தில், 1976-இல் சரணாலயமான நேலப்பட்டில், நீர்க்கடம்பு மரங்களின் மீது கூழைக்கடாக்கள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தொலைநோக்கிக் கண்ணாடி இருப்பின் உடன் கொண்டு செல்லுங்கள்.