கேபினைத் தூக்கினால்தான் எஞ்சின்!

லோரியின் கேபினை முன்பக்கமாகக் கவிழ்த்துவிட்டு ஃபோர்மேன் வேலை செய்வதை நம்மூர் வொர்க்‌ஷாப்புகளில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப்புக்கு அந்த வசதி கிடையாது. அங்கே கேபினை மொத்தமாகவே தூக்கிவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு வண்டியை உடைத்து விற்கப்போவதுபோல் இருக்கும்.

2003 முதல் 2007 வரையிலான மாடல்களில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின் இதற்குப் பெயர்போனது. ஹெட் கேஸ்கெட் போவது அதன் பழைய நோய். எஞ்சினின் பின்பகுதி முன்கண்ணாடிக்கு அடியில் ஒளிந்திருப்பதால், அங்கே ஸ்பேனர் போய்ச் சேருவதே பெரும்பாடு. ஸ்டீயரிங் தண்டு, பிரேக் குழாய், ஒயர்கள், ஏர்கோன் குழாய் எல்லாவற்றையும் பிரித்து, சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, லிஃப்டில் கேபினை ஏற்றினால் எஞ்சின் திறந்த வெளியில் நிற்கும். நின்றபடியே வேலை பார்க்கலாம்.

நான் கவனித்தது கூலிக் கணக்கை. எஞ்சினை எட்டுவதற்கே நிறைய போய்விடுவதால், தேர்ந்த மெக்கானிக் கேஸ்கெட்டோடு நிறுத்துவதில்லை. ஆயில் கூலர் அடைத்திருந்தால், புகையைக் குளிரவைக்கும் இஜிஆர் கூலருக்குத் தண்ணீர் போதாமல் அது விரிசல் விடும். கேஸ்கெட்டுக்கு மறுபடியும் ஆபத்து. ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வார், பழைய போல்ட்டுகளுக்குப் பதில் வலுவான ஸ்டட் போடவும் சொல்வார். பில் கனக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பிக்கப்பை நம்பிப் பிழைக்கும் குத்தகையாளர், இன்னொரு முறை கேபினைத் தூக்கக் கூலி கொடுத்து, வேலை நாட்களையும் இழக்க வேண்டியதில்லை.