செருகியே கிடக்கும் சிறு கருவி

நோர்வூட்டை அடுத்த தோட்டமொன்றிலிருந்து எமது வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், பாடம் முடிந்தபின் எம்மை அணுகி ஒரு வழக்கைத் தீர்த்துவைக்க வேண்டினார். வழக்காடியோர் இருவர். ஒருவர் அவருடைய அம்மாயி. மற்றவர், கொழும்பிலே கடையொன்றில் வேலை பார்த்து, தீபாவளி விடுமுறைக்கு ஊர் வந்திருந்த அண்ணன்.

“சேர், எங்க அம்மாயி ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னுக்கு போன் சார்ஜரை எல்லாம் புடுங்கி வச்சிருவாங்க. அண்ணன் அதுக்கு ஏசுறாரு. யாரு சேர் சரி?” என்பதே வழக்கு.

அம்மாயியின் கட்சி இது: தொலைபேசியைக் கழற்றிய பின்னும் மின்சாரம் அந்தக் கருவிக்குள் ஊறிக்கொண்டே இருக்கும், வீட்டார் உறங்கும் வேளையில் அது பற்றிக்கொள்ளும். அண்ணனின் கட்சியோ, தொலைபேசி இல்லாத மின்னேற்றி வெறும் பெட்டி. அதனால் செலவுமில்லை, ஆபத்துமில்லை என்பது. ஒரு சொல்லில் விடையிறுத்துவிடலாம் என்றே நாமும் முதலில் எண்ணினோம். ஆராயப் புகுந்தபோதோ, இருவரிடமும் பாதி உண்மை இருக்கக் கண்டோம். அம்மாயியின் முடிவு சரி; சொல்லும் காரணம் முழுவதும் சரியன்று. அண்ணனின் கணக்கு ஏறத்தாழச் சரி. ஆனால் அவர் மனத்திற் கொண்ட வீடு வேறு.

கருவியின் உள்ளே

நம் வீட்டுச் சுவருக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தமுடையது. தொலைபேசிக்கு வேண்டியதோ பொதுவாக 5 வோல்ற்று. விரைவில் ஏற்றும் வகைகளுக்கு இன்னும் சற்று அதிகம். பெருவெள்ளத்தைச் சிறு வாய்க்காலாக்கித் தரும் மதகினைப் போன்றதே மின்னேற்றி. திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தை அது முதலில் ஒரே திசையிற் செலுத்தி, கொள்ளளவி என்னும் உறுப்பிலே நிரப்புகின்றது. அவ்விடத்தில் அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ற்று வரை உயரும். பின்னர், மிக விரைவாகத் திறந்து மூடும் நுண்ணிய ஆளி ஒன்றும், சிறு நிலைமாற்றி ஒன்றும் சேர்ந்து அதனைத் தாழ்த்துகின்றன. நிலைமாற்றியின் இரு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது. காந்தப் புலமே சக்தியைக் கடத்துகின்றது. இந்தப் பிரிவினையே நமது உயிருக்குக் காவல்.

தொலைபேசியைக் கழற்றிவிட்டால் வாய்க்காலில் நீர் ஓடாது. ஆயினும், செருகி சுவரில் இருந்து, ஆளியும் போடப்பட்டிருக்குமாயின், மதகின் மேற்பக்கம் நிறைந்தபடியே இருக்கின்றது. ஆகவே, உள்ளே ஊறுகின்றது என்ற அம்மாயியின் சொல் விஞ்ஞானத்துக்கு வெகு தொலைவில் இல்லை.

எவ்வளவு ஊறுகின்றது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, இத்தகைய சிறு மின்னேற்றிகள் வேலையின்றி இருக்கும்போது 0.1 வாற்றுக்கு மேல் கொள்ளலாகாது. அந்த அளவு கொள்ளும் கருவியொன்று, ஓராண்டின் 8,760 மணி நேரமும் செருகியே கிடந்தாலும், ஓர் அலகு மின்சாரம் செலவாகாது. ஆயிரம் வாற்று ஸ்திரிக்கைப் பெட்டியை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் ஓர் அலகு போய்விடும் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கையிலெடுத்தால் கனக்கும் பழைய வகைகள் மட்டும் ஒரு வாற்றோ அதற்கு மேலோ கொள்ளக்கூடும். ஒரு வாற்றுக் கொள்ளும் கருவியாலும் ஆண்டுக்கு ஒன்பது அலகு அளவே செலவு. சிக்கனத்தை மட்டும் கருதினால், வழக்கில் வென்றவர் அண்ணனே.

எமது ஆறும் எமது விளக்கும்

பொகவந்தலாவைப் பக்கமிருந்து இறங்கி நோர்வூட்டை அடுத்து ஓடும் கெஹல்கமு ஓயா, காசல்ரீ நீர்த்தேக்கத்திற் கலக்கின்றது. இந்த மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் பெறலாமென்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 1950ஆம் ஆண்டில் லக்சபான நிலையத்தின் முதற்கட்டம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கிற்று. பத்து இலட்சம் நல்ல மின்னேற்றிகள் ஒருங்கே சும்மா செருகிக் கிடந்தாலும், அவை கொள்வது 100 கிலோவாற்று. அந்த முதற்கட்ட வலுவில் 250இல் ஒரு பங்கு மாத்திரமே.

இவ்விடத்தில் வேறொன்றையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். எமது ஆற்று நீரால் கொழும்பு ஒளிபெற்ற பின்னரும், தோட்டத்து லயங்கள் பல, நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இரவைக் கழித்தன. மின்சாரத்தை மனத்திற் கொள்ளாது கட்டப்பட்ட காம்பராக்களில் மின்கம்பிகள் பிற்பாடு வந்தன. ஒரு விளக்குக்கென இழுத்த கம்பியிலிருந்து தொலைக்காட்சிக்கு ஒன்று, இஸ்தோப்புக்கு ஒன்று, பின்னால் எடுத்துக் கட்டிய குசினிக்கு ஒன்று எனக் கிளைகள் பெருகின. எமது வழக்கு உண்மையில் தொடங்குவது இங்கேதான். மின்னேற்றி பாதுகாப்பானதா என்று கேட்பது பாதிக் கேள்வி. எந்தச் சுவரிலே செருகிய மின்னேற்றி என்று கேட்பதே முழுக் கேள்வி.

துணை சேர்ந்தால் வரும் தீமை

மின்னேற்றி தனித்து நின்றால் அது இழுக்கும் மின்னோட்டம் அற்பம். ஆனால் அதற்குத் தனி இடம் கிடைக்கும் வீடுகள் எத்தனை? ஒரே மல்டி பிளக்கில் மின்னேற்றியும், நீர் கொதிக்கவைக்கும் கேத்தலும் அருகருகே இருக்கின்றன. 1,500 வாற்றுக் கேத்தல் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியருக்கென அமைந்த பழைய உருண்டை முள் பிளக் அதைத் தாங்காது. தளர்ந்த தொடுகை சூடேறும், பிளாஸ்திக்கு இளகும், இளகியபின் தொடுகை மேலும் தளரும். குற்றம் கேத்தலுடையதாயினும், அருகில் நாள் முழுவதும் செருகிக் கிடக்கும் மின்னேற்றியும் அதற்கு இரையாகும்.

மற்றொரு வழக்கத்தையும் வாசகர்கள் அறிவர். மூன்று சதுர ஓட்டைகளுள்ள 13 ஆம்பியர் பிளக்கில் இரண்டு உருண்டை முள் செருகியை நுழைக்க, மேல் ஓட்டையைப் பேனா முனையாலோ ஈர்க்காலோ அழுத்தித் திறக்கின்றோம். அந்த மூடி, குழந்தையின் விரலும் கம்பியும் நுழையாதிருக்க வைத்த கதவாகும். அதனை ஏமாற்றிச் செருகிய உருண்டை முள்ளை உள்ளிருக்கும் தகடுகள் இறுகப் பிடிப்பதில்லை. கையால் தொட்டாலே ஆடும். சில வேளை பொறி பறக்கும். சதுர முள் செருகிக்குள் இருக்கும் உருகியின் காவலும் இதற்குக் கிடைப்பதில்லை. இத்தகைய குழப்பம் தீரவே 13 ஆம்பியர் சதுர முள் வகையை இலங்கையின் ஒரே நியமமாக்கினர். ஆனால் பழைய வகைகள் இன்னும் நம் சுவர்களிலே வாழ்கின்றன.

இனி, போலிகளைப் பற்றி. அமெரிக்காவில் இயங்கும் யூ.எல். என்னும் பாதுகாப்புச் சோதனை நிறுவனம், ஆப்பிள் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய 400 போலி மின்னேற்றிகளைச் சோதித்து, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. அவற்றுள் தேறியவை மூன்றே. பன்னிரண்டு கருவிகள் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னதிர்ச்சி தரும் அமைப்பில் இருந்தன. இரு சுருள்களுக்கும் இடையே இருக்கவேண்டிய காவலை மலிவுக்காகச் சுருக்கினால் நேர்வது இதுவே. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் பெயரறியாக் கருவிக்கு, மேலே நாம் போட்ட 0.1 வாற்றுக் கணக்கு பொருந்தும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

ஒரே கூரையின் கீழ்

அம்மாயியின் அச்சத்துக்கு வேறொரு வேரும் உண்டென்பதை அம்மாணவர் பின்னர் சொன்னார். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் தொங்கல் காம்பராவொன்றில் எண்ணெய் விளக்குச் சரிந்து தீ மூண்டதாம். அட்டலில் அடுக்கியிருந்த விறகு வழியே அது கூரைக்கேறி, காம்பராவுக்குக் காம்பரா தாவிற்றாம். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் விளக்கைச் சரித்தவர் வீட்டோடு, சரிக்காதவர் வீடுகளும் எரிந்தன. பிறப்புச் சான்றிதழ் சாம்பலானவர்கள், அதன் பின்னர் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததை அவர் இன்றும் சொல்லுவாராம்.

தனிவீட்டில் வாழ்பவர் தம் கவனக்குறைவுக்குத் தாமே விலை கொடுப்பார். லயத்தில் அப்படியன்று. சுவர்கள் பிரிக்கின்றன, கூரை சேர்த்துவிடுகின்றது. மின்கசிவால் லயம் எரிந்ததென்ற செய்தியை மலையகத்தார் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! மறுநாள் பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்களுள் பெரும்பாலானவை எத்தவறும் செய்யாதவை.

அதேவேளை, மின்னேற்றி இன்று ஆடம்பரப் பொருளுமன்று. 2020ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே சிலேட்டாயிற்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தபோது, எப்பொழுது வருமோ என்று செருகியை எடுக்காமலே வைத்துப் பழகினோம். மின்வெட்டுப் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

மலைநாட்டுக்கு இடியும் உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி முழங்காத வாரம் அரிது. மின்கம்பி வழியே பாயும் மிகையழுத்தம், செருகியுள்ள கருவியின் முன்பகுதியையே முதலில் தாக்கும். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. ஆளிக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீற்றரே. முகில் முதல் மண் வரை தாவும் மின்னலுக்கு அது ஒரு தடையாகுமா? செருகியைக் கையால் கழற்றி வைப்பதே காவல். அதனையும் இடி முழங்கத் தொடங்குமுன் செய்தல் வேண்டும்.

‘ட்ரிப் சுவிட்ச் இருக்கின்றதே’ என்பர் சிலர். நிலத்துக்கோ மனித உடலுக்கோ மின்சாரம் கசியும்போது, 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் அக்கருவி உயிர்காக்கும் நண்பன், ஐயமில்லை. ஆனால் தளர்ந்த பிளக்கில் எழும் சூட்டை அது அறியாது. கசிவில்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை.

எமது தீர்ப்பு

நல்ல மின்னேற்றி, இறுக்கமான பிளக், ஒழுங்கான கம்பி ஆகிய மூன்றும் அமைந்த வீட்டில், செருகியே கிடக்கும் கருவியால் நேரும் ஆபத்து மிகச் சிறிது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதைக் கழற்றி வைத்தல் வேண்டும். மூன்றும் உண்டென்று உறுதியாகச் சொல்லக்கூடிய காம்பராக்கள் சிலவே ஆதலால், லயத்து வீடுகளுக்கு எமது விடை ஒன்றே: கழற்றி வையுங்கள்.

அதனிலும் முக்கியமானவை சில உண்டு. குளிருக்கு அஞ்சிப் போர்வைக்குள் தொலைபேசியை வைத்து மின்னேற்றிக்கொண்டே உறங்குவது, வெறும் மின்னேற்றியைச் சுவரில் விட்டுவைப்பதிலும் மிகக் கெட்டது. சூடு வெளியேற வழியின்றி மின்கலம் பழுதாகும், சில வேளை தீயும் பற்றும். உறங்குமுன் ஏற்றி முடித்து, விறைப்பான மேசை மீது வைப்பதே முறை. தொலைபேசி இல்லாதபோதும் மின்னேற்றி சுடுமாயின், கருகிய நாற்றம் வீசுமாயின், உள்ளே இரைச்சல் கேட்குமாயின், அதனைக் குப்பைக்கு அனுப்புங்கள். கேத்தலையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் மல்டி பிளக்கிற் செருகாதீர்கள். ஆடும் பிளக்கைப் பயிற்சி பெற்ற மின்வினைஞரைக் கொண்டு மாற்றுங்கள். தீப்பொறி கண்டால் பிரதான ஆளியை அணைக்குமுன் நீர் ஊற்றாதீர்கள். பிரதான ஆளி எங்கே இருக்கின்றதென்பதைச் சிறுவர்களுக்கும் காட்டி வையுங்கள்.

இவ்வளவையும் அம்மாணவரிடம் சொன்னோம். அடுத்த கிழமை அவர் வந்தபோது, வழக்கு என்னவாயிற்றென்று வினவினோம். அண்ணன் கொழும்புக்குத் திரும்புமுன், ஆடிக்கொண்டிருந்த பிளக்கை ஆள் வைத்து மாற்றிவிட்டுப் போனாராம். அப்படியாயின் அம்மாயி இனிக் கழற்றி வைப்பதில்லையா என்றோம். மாணவர் சிரித்தார்.

“இன்னமும் புடுங்கித்தான் வைக்கிறாங்க சேர். நம்ம பிளக்கை மாத்திட்டோம், பக்கத்துக் காம்பராக்காரங்க நிம்மதியா தூங்க வேணாமான்னு கேக்குறாங்க.”

அதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கின்றது?