உடம்பைப் படிப்பவர்கள் – 6: எண்ணெய் தொடாத விரல்கள்

சென்ற வாரம் செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் நின்றோம். இந்த வாரமும் அதே வளாகம்தான், வகுப்புதான் வேறு. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கும் அதே பி.டி. ரோட்டில், பொன்ஹூக்ளியில், 1978-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இது. கை கால் இயக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கானது. இன்றைய பெயர்ச் சுருக்கம் என்.ஐ.எல்.டி. இங்கே பிசியோதெரபி பட்டப்படிப்பு உண்டு. நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கை நடப்பதால், தமிழ்ப் பிள்ளைகளும் இங்கே வந்து சேர வழி இருக்கிறது.

மாலிஷ் எனப்படும் மசாஜுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு. பாபுகாட் படித்துறையில் கடுகெண்ணெயோடு ஆள் பிடிக்கும் மாலிஷ்காரர்களை ஹூக்ளிக் கரைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். குரு தத்தின் ‘பியாசா’வில் (1957) ஜானி வாக்கர் இந்த ஊர் மாலிஷ்காரராகத்தான் வருகிறார். வங்காளப் படையில் இருந்த பாட்னாக்காரர் சேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் குளியலகம் வைத்து, நான்காம் ஜார்ஜ் மன்னரின் மாலிஷ் நிபுணராகவே பட்டம் பெற்றார். பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் ஃபிரெடெரிக் லெபோயே கல்கத்தாவில் சாந்தலா என்ற தாய் தன் குழந்தைக்கு உடம்பு உருவிவிடுவதைக் கண்டு, படமெடுத்து, அவர் பெயரையே தலைப்பாக வைத்து 1976-இல் புத்தகம் போட்டார். இன்று பிரேசிலில் சாந்தலா என்றால் குழந்தை மசாஜ் என்று பொருள். 2017-இல் அந்த நாட்டு அரசு பொதுச் சுகாதாரத் திட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட்டது. நம் பாட்டிகள் காலை நீட்டி உட்கார்ந்து, பேரப்பிள்ளையைக் கால்மேல் போட்டுக்கொண்டு செய்த அதே வேலைதான். நம்மூரில் அதற்கு ஒரு வாய்ச்சொல் பாராட்டுக்கூட இருந்ததில்லை.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த பெண் கல்லூரிக்குப் போய் மசாஜில் புதிதாக என்ன கற்றுக்கொள்ளப்போகிறாள்?

நகம்தான் முதல் பாடம். செய்முறை வகுப்பில் ஆசிரியர் கையைத்தான் முதலில் பார்ப்பார். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாம் கழற்றியாக வேண்டும். டிசம்பர் குளிரில் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடலாம். பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரிவார்கள். ஒருவர் நோயாளி, மற்றவர் சிகிச்சையாளர். வேலை நடக்கும் இடம் மட்டும் வெளியே, மற்றதெல்லாம் போர்வைக்குள். இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. லண்டனில் மசாஜ் நிலையம் என்ற பெயரில் விபசாரம் நடக்கிறது என்று மருத்துவ இதழே எழுதி, தொழிலின் மானம் கப்பலேறியிருந்த காலம். கௌரவமாகப் பிழைக்க நினைத்த நான்கு செவிலியர்கள் 1894-இல் சங்கம் வைத்து, பயிற்சிக்கும் நடத்தைக்கும் விதி போட்டார்கள். பிரிட்டனின் இன்றைய பிசியோதெரபி சங்கம் அந்த நான்கு பேரில் தொடங்கியதுதான்.

நீவுவது, பிசைவது, தட்டுவது, அழுத்தித் தேய்ப்பது எல்லாம் நமக்குத் தெரிந்தவையே. மாணவர்கள் அவற்றை எஃப்ளூராஜ், பெட்ரிசாஜ் என்று பிரெஞ்சில் மனப்பாடம் செய்கிறார்கள். காலை நீவினால் பாதத்திலிருந்து தொடைப் பக்கமாக, இதயத்தை நோக்கித்தான் போக வேண்டும். திரும்பி வரும் கையில் அழுத்தம் கூடாது. நெஞ்சுச் சளியைப் பெயர்க்கத் தட்டும்போது உள்ளங்கையைக் குழித்துக்கொள்ள வேண்டும். ‘டொப் டொப்’ என்று கேட்டால் சரி. ‘பட் பட்’ என்று கேட்டால் நோயாளி அடி வாங்குகிறார் என்று அர்த்தம்.

இதெல்லாம் சீக்கிரம் கைவந்துவிடும். திணற வைப்பது இணைப்புத் திசு மசாஜ். டார்ஜிலிங் கமலா ஆரஞ்சை உரித்தால் தோலுக்கும் சுளைக்கும் நடுவே வெள்ளை நார் பிடித்துக்கொண்டிருக்குமே, அப்படித் தோலுக்கும் தசைக்கும் நடுவே ஓடும் வலைதான் இணைப்புத் திசு. அதைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பதால் எண்ணெயும் கிடையாது, பவுடரும் கிடையாது. வழுக்கினால் திசு விரலுக்கு அகப்படாது.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் எலிசபெத் டிக்கே என்ற ஜெர்மன் பிசியோதெரபிஸ்ட். 1929-இல் அவருடைய வலது காலில் ரத்த ஓட்டம் நின்றுபோய், காலை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். படுக்கையில் கிடந்தவருக்கு இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது. வலித்த இடத்தைத் தன் விரலாலேயே இழுத்து இழுத்து விட்டிருக்கிறார். இடுப்பு இளகியதோடு, மரத்துக் கிடந்த காலிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் சூடும் வந்தன. சக ஊழியர் ஒருவரின் உதவியோடு அதையே தொடர்ந்தார். கால் பிழைத்தது; ஒரு வருடத்தில் வேலைக்கும் திரும்பினார். பிறகு ஹெடே டைரிஷ்-லாய்பே என்பவருடன் சேர்ந்து 1942-இல் இதைப் புத்தகமாக்கினார்.

வகுப்பில் நடப்பது இப்படி. நோயாளி முதுகைக் காட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மாணவி உடனே தொடுவதில்லை; எங்கே பள்ளம், எங்கே உப்பல், எங்கே பட்டையாக இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பார்க்கிறாள். அடுத்துத் தோலை மடித்துத் தூக்குகிறாள். ஓரிடத்தில் லேசாக எழும்பும், இன்னோரிடத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். அதன் பிறகுதான் நடுவிரலும் மோதிர விரலும் முதுகெலும்பின் அடியில் பதிந்து, தளர்வு தீரும்வரை தோலை இழுத்து, முடிவில் சுருக்கென்று ஒரு சின்ன இழுப்பு இழுக்கின்றன. சரியாக விழுந்தால், “நகத்தால கீறுறீங்களா?” என்று நோயாளி கேட்பார். நகம் பட்டிருக்காது. அந்தக் கீறல் உணர்வுதான் திசு பிடிபட்டதற்கு அடையாளம். கொஞ்ச நேரத்தில் அங்கே சிவப்புக் கோடு எழும்பும். இடுப்பின் அடியிலிருந்து மேல்நோக்கித்தான் வர வேண்டும். அவசரப்பட்டு மேல்முதுகில் ஆரம்பித்தால் சிலருக்குத் தலை சுற்றும், வியர்த்துக் கொட்டும்.

டிக்கேவின் கால் பிழைத்தது ஒருவரின் அனுபவம். அதை வைத்து இந்த முறை எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உறுதியான ஆய்வுச் சான்று குறைவு. நாளெல்லாம் வரிசை நிற்கும் வெளிநோயாளிப் பிரிவில் ஒரே முதுகோடு இருபது நிமிடம் உட்கார முடிவதுமில்லை. மின்தூண்டல் மெஷினின் பட்டையை ஒட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடத்தான் நேரம் இருக்கிறது. அதனால் இந்தப் பாடம் வாய்மொழித் தேர்வோடு நின்றுபோகிறது. என்றாலும் இதைப் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. தோலை மடித்து மடித்துப் பழகிய விரல், கழுத்து வலி என்று வருகிறவரிடம் எந்த இடம் இறுகியிருக்கிறது என்று பட்டையை ஒட்டும் முன்பே சொல்லிவிடும். பட்டையை எங்கே ஒட்டுவது என்று மெஷினுக்குத் தெரியாது.

“ஆரேக்டு ஜோரே” என்று கேட்காத நோயாளி கொல்கத்தாவில் அபூர்வம். இன்னும் கொஞ்சம் பலமாக, என்கிறார்கள். வலிக்க வலிக்க அமுக்கினால்தான் காசுக்கு வேலை நடந்தது என்ற நினைப்பு நம்மூரிலும் உண்டு. அதற்கு மாட்டேன் என்று சொல்லப் பழகுவதுதான் படிப்பின் கடினமான பகுதி. பாபுகாட் மாலிஷ்காரரின் கைத்திறன் மாணவிக்கு வர வருடங்கள் ஆகலாம். ஆனால் கை வைக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அவளிடம் முதல் நாளிலிருந்தே இருக்கும்: காய்ச்சல், திறந்த புண், புற்றுநோய்க் கட்டி, புதிதாக முறிந்த எலும்பு.

அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு விஷயங்களை நம் வீடுகளில் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகோ, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகோ, நெடுநாள் படுக்கையிலோ ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை சூடாக வலித்தால், ரத்தக்குழாயில் உறைகட்டி இருக்கலாம். அமுக்கினால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்து, உயிரையே எடுத்துவிடலாம். இன்னொன்று குழந்தைகளின் முழங்கை. கீழே விழுந்து அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டு உருவினால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளலாம். பிறகு அந்தக் கை சோற்றை வாய்வரை கொண்டுபோகவே சிரமப்படும். குழந்தை முழங்கையில் அடிபட்டு அழுதால் சுளுக்கு எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். எக்ஸ்ரே எடுத்து மருத்துவர் பார்க்கும்வரை, தேய்க்க வரும் பெரியவர்களின் கையைத் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

(தொடரும்)